நடுவே விட்டுப்போன பத்துப் படிகள்

ஜூலை 7, திங்கள்

தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. அதைக் கவனித்துக்கொள்பவர் விலங்கியல் பேராசிரியை. வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் இங்கே வந்து உட்காருகிறார்.

காலையில் வேதியியல் துறையின் இளம் ஆசிரியை ஒரு கட்டுத் தாளோடு வந்தார். "மேடம், ப்ரொபோசல் ரெடி. 25ஆம் தேதி கடைசி. இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுத்தீங்கன்னா அனுப்பிடுவேன்."

நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் ஆய்வு அது. முதல் இரண்டு பக்கமும் தண்ணீரின் பெருமை. மூன்றாம் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு வருகிறது: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் அந்த ஆசிரியையின் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பேராசிரியை பேனாவை எடுக்கவில்லை. "நாளைக்கு சாயங்காலம் வாங்கம்மா, உக்காந்து பேசலாம்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

தாள்களை மூடி வைத்துவிட்டுத்தான் பேச்சு தொடங்கியது. ஜார்ஜ் ஹைல்மையர் என்ற பொறியாளர், 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா ஆராய்ச்சி அமைப்புக்குத் தலைவராக இருந்தபோது, பணம் கேட்டு வந்தவர்களிடம் சில கேள்விகளை வைத்தார். என்ன செய்யப்போகிறாய், துறைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல். இன்று அதை எப்படிச் செய்கிறார்கள்? உன் வழியில் புதிது என்ன? நீ வென்றால் யாருக்கு என்ன பயன்? எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்? அரை நூற்றாண்டு கழித்தும் முன்மொழிவு எழுதுகிறவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது என்பது பேராசிரியையின் எண்ணம்.

"இன்னைக்கு எப்படிச் செய்றாங்க?"

"நல்கொண்டா முறை இருக்கு மேடம். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு வண்டலா இறக்குறது. நாக்பூர் நீரி ஆய்வு நிறுவனம் கண்டுபிடிச்சது. ஆக்டிவேட்டட் அலுமினாவும் இருக்கு."

"சரி. ஒகேனக்கல் தண்ணிதான் 2013லயே வந்தாச்சே. அப்புறம் இது எதுக்கு?"

இளம் ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. ஜப்பான் கடனுதவியில் இரண்டு மாவட்டங்களுக்காக அமைந்த அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி அவருடைய தாள்களில் ஒரு சொல்கூட இல்லை. மதிப்பீட்டாளர் முதலில் கேட்கப்போவதோ அதைத்தான்.

"வருது மேடம். ஆனா எங்க ஊர்ல மோட்டார் ரிப்பேர் ஆச்சுன்னா மறுபடி போர் தண்ணிதான். மாட்டுக்கு எப்பவுமே அதுதான். எங்க பசங்க அஞ்சு கோடையா ஒவ்வொரு கிணறா அளந்து நோட்ல எழுதி வச்சிருக்காங்க."

"அது ஏன் இதுல இல்ல?"

"பி.எஸ்சி. பசங்க எடுத்ததுதானே மேடம். அதையெல்லாம் எப்படிப் போடறதுன்னு விட்டுட்டேன்."

பேராசிரியை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு எந்த ஆய்வகத்திலும் இல்லாத ஒன்று வீட்டு அலமாரியில் ஐந்து நோட்டுகளாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்திருந்தால் அது வெளியே வந்தே இருக்காது.

ஜூலை 10, வியாழன்

மதியம் பத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. திரையில் படம் எதுவும் காட்டாமல் பேராசிரியை ஒரு கதை சொன்னார். நூறாண்டுக்கு முன் சென்னையில் நடந்தது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார் இராமானுஜன். அங்கே அவருக்கு மேலதிகாரி நாராயண ஐயர், கணிதம் தெரிந்தவர். இருவரும் இரவில் சிலேட்டோடு உட்காருவார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இராமானுஜன் எப்படித் தாவினார் என்பது ஐயருக்கே புரியாது. எனக்கே புரியாவிட்டால் ஊரில் யாருக்குப் புரியும், உன் இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படியாவது எழுது என்று அவர் வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு என்பது இராமானுஜனின் பதில். ஐயர் விடவில்லை.

கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதிப் பயனில்லை. 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த ஹார்டிக்குப் போன கடிதம்தான் கதவைத் திறந்தது. ஆனால் பேராசிரியை ஹார்டியிடம் நிற்கவில்லை. சென்னையில் நடந்ததை விரித்துச் சொன்னார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் இராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்க விதியில் இடமில்லை; விலக்கு தேடித்தான் கொடுத்தார்கள். 1913 மே மாதத்திலிருந்து மாதம் எழுபத்தைந்து ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. இராமானுஜனும் மூன்று அறிக்கைகள் கொடுத்திருக்கிறார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் சென்னைக்கு வந்து பதிவாளருக்கு எழுத, இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன் கிடைத்தது.

அந்தப் பணத்துக்காக எத்தனை பேர் கடிதம் எழுதினார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியை. அவ்வளவு பெரிய மேதைக்கே நடுப்படிகளை எழுதச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரிக்கு ஒரு நாராயண ஐயரையாவது சம்பளம் கொடுத்து வைக்க வேண்டாமா என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆய்வு நல்கை வழங்கும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு 2018இல் ஆராய்ச்சி நிர்வாகத்தை ஒரு தொழிலாக வளர்க்கத் தனி முயற்சியே தொடங்கியது. அது தருமபுரி வரை வந்துசேரவேண்டும்.

ஜூலை 14, திங்கள்

ஆய்வு நிதியை எங்கே கேட்பது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. பலர் செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்ற பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்த வாரியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

தமிழ்த்துறை ஆசிரியர் வாசலிலேயே நின்றார். "நமக்கெல்லாம் யார் மேடம் குடுப்பாங்க? சயின்ஸுக்குத்தான் எல்லாமே." அவர் ஊரில் ஒரு வைத்தியர் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பேராசிரியை அவரை உள்ளே அழைத்து, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தைத் திரையில் காட்டினார். மூலச்சுவடி நாட்டைவிட்டுப் போகாது. மின்படி மட்டும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதில் நல்கை பெற்றிருக்கிறது. ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 17, வியாழன்

பட்ஜெட். ஆய்வு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் போட்டிருந்த வேதியியல் ஆசிரியை வீட்டு வாடகைப்படியை மறந்திருந்தார். ஃபுளோரைடு மின்முனை வேண்டும்; அதோடு பொருந்தும் மீட்டர் துறையில் ஏற்கெனவே இருப்பதால் மீட்டருக்கான வரி அடிபட்டது. கிராமம் கிராமமாகச் சுற்ற வண்டிச் செலவு சேர்ந்தது. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வாக்கியம். செலவானபின் பயன்பாட்டுச் சான்றிதழில் கணக்குப் பிரிவுக் கண்ணனும் கையெழுத்துப் போடவேண்டும். அவரையும் இப்போதே உட்காரவைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

ஜூலை 23, புதன்

தண்ணீரின் பெருமை போய்விட்டது. குடிநீர்த் திட்டம் வந்தபின்னும் மக்கள் எந்த நாள்களில், எதற்காகப் போர் தண்ணீருக்குத் திரும்புகிறார்கள், அந்த நாள்களுக்கு மட்டும் வீட்டளவில் உதவும் வடிகட்டியை எப்படிச் செய்வது, பயன்படுத்திய வடிபொருளை எங்கே கொட்டுவது: முதல் பக்கத்திலேயே மூன்றும் இருக்கின்றன. ஐந்து கோடையின் அளவுகள் ஓர் அட்டவணையாக இரண்டாம் பக்கத்தில். பேராசிரியை முன்மொழிவைத் தமிழ்த்துறை ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் ஓரிடத்தில் நின்றார். அந்த இடத்தில் மூன்று வரி சேர்ந்தது.

கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதம் மூன்று மணிக்குக் கிடைத்தது. நாலே முக்காலுக்கு விண்ணப்பம் ஏறிவிட்டது. இந்தக் கோடையில் மூன்று கிணறுகளை மட்டும் இன்னும் அளக்கவில்லை என்று அட்டவணை போடும்போதுதான் தெரியவந்திருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் வேதியியல் ஆசிரியையும் நான்கு மாணவர்களும் அங்கே போகிறார்கள்.