பிரித்தலும் சேர்த்தலும்

‘பிரித்து எழுதுக’ என்றால் மாணவர் விரைந்து எழுதிவிடுவர். ‘சேர்த்து எழுதுக’ என்னும்போதுதான் விதி அறிந்தவர் யார் என்பது விளங்கும். மகிழுந்தின் பின்னிருக்கையைக் கழற்றி மாட்டுவதும் அத்தகையதே.

அடைமழையில் என் மகிழுந்தினுள் நீர் கசிந்து, தரைவிரிப்பு நாற்றமெடுத்தது. அதை உலர்த்த நானும் என் மகனும் பின்னிருக்கையைக் கழற்றினோம். அமரும் மெத்தையின் முன்விளிம்பை மேல்நோக்கி இழுத்ததும் கவ்விகள் விட்டன. சாய்மானத்தின் அடியிலிருந்த திருகாணிகளை அகற்றி மேலே தூக்கினோம். அதுவும் கொக்கிகளினின்று விடுபட்டது. கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது.

விரிப்பு உலர்ந்தபின், “அழுத்தினால் போதும், அப்பா” என்றான் மகன். நான் இணங்கவில்லை. கழற்றியதன் தலைகீழ் வரிசையில் சாய்மானம் முதலில், மெத்தை பிறகு. திருகாணி தளர்ந்திருந்தால், திடீரென வண்டியை நிறுத்துகையில் பின்பெட்டியின் சுமை சாய்மானத்தை முன்தள்ளக்கூடும். பாதுகாப்பு வாரின் பூட்டுகளை மெத்தைக்கு மேலே எடுத்துவிடாவிட்டால் அவை அடியிலேயே மறைந்துபோகும். பின்னிருக்கையினரும் வார் அணிய வேண்டும் என்னும் சட்டம் மலேசியாவில் 2009 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் மறைந்த பூட்டைச் சட்டம் எடுத்துத் தராது.

ஒவ்வொரு வாரையும் பூட்டி இழுத்துப் பார்த்தோம். மறுநாள் அங்கே அமரவிருந்தவர்கள் என் தாயாரும் பேத்தியும்.

ஆசிரியப் பெருமக்களே, பிரிக்கும் திறனுக்கு நாம் விரைந்து மதிப்பெண் இடுகிறோம். சேர்த்ததைச் சரிபார்க்கும் பொறுமையையும் கற்பிப்போமாக!