கடற்கோள் என்றொரு சொல்

2004 டிசெம்பர் 26, ஞாயிறு காலை. “அண்ணன், கடல் ஊருக்குள்ள வந்திட்டு!” எனக் கல்முனை நிருபர் தொலைபேசியில் அலறினார். நான் நம்பவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கி அப்போது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் கடந்திருந்தன. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர்.

நடுக்கத்தின் மையத்தை அண்டியிருந்த சிமுலு தீவில் 70,000க்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர், மாண்டோர் எழுவரே. 1907 அழிவின் பின்னர் அங்கு தாலாட்டிலும் கதையிலும் ‘ஸ்மோங்’ என்ற சொல் வாழ்ந்து வந்தது. நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள்.

எமக்கும் ‘கடற்கோள்’ இருந்தது. பஃறுளியாறு, குமரிக்கோடு எனப் பரீட்சைக்கு மனனம் செய்தோம். கரையோரப் பிள்ளைக்கு எச்சரிக்கையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. தென்மேற்குக் கரையில் கடல் உள்வாங்கியபோது பலர் வேடிக்கை பார்க்க இறங்கினர்.

2011 முதல் இந்து சமுத்திர எச்சரிக்கை முறைமை இயங்குகின்றது. தொலைவிலுள்ள எமக்கு நடுக்கம் பெரிதாகத் தெரியாது. ஆகவே கருவி அவசியம். ஆயினும் அபாயச் சங்கு ஒலித்தபின் ஓடவேண்டியவர் மனிதரே. அவரை ஓடச் செய்வது அவர் முன்னரே அறிந்திருக்கும் சொல்.

மறுநாள் தலைப்பில் ‘சுனாமி’ என்றும், அருகே ‘கடற்கோள்’ என்றும் எழுதினேன். அத்தனை ஆண்டு எழுத்துத் தொழிலில் அச்சொல்லை நான் எழுதியது அதுவே முதன்முறை.