ஓசை அடங்கிய விசிறி

பெங்களூரில் நெடுநாளாகக் குடியிருக்கும் முதியோரிடம் ஒரு பேச்சு உண்டு. "நாங்கள் வந்த நாளில் இந்த ஊரில் விசிறி மாட்டிய வீடே அரிது" என்பர். அந்த நாள் போய்விட்டது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்நகரின் வெப்பம் 39.2 டிகிரியை எட்டியது. இன்று கூரையில் விசிறி சுழல்கிறது. மேசையருகே உள்ள கணிப்பொறிக்குள்ளும் நான்கைந்து விசிறிகள் சுழல்கின்றன. கூரை விசிறியைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், கணிப்பொறி விசிறியைப் பற்றி எண்ணுவதே இல்லை. இத்திங்கள் அதைப்பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

இதென்ன அற்பப் பொருள் என்று அன்பர் சிலர் நகைக்கலாம். அல்சூரை அடுத்த எங்கள் ஜோகுபாளையத்தில் வாழ்வோர் நகைக்கமாட்டார். இங்கே தெரு குறுகியது. ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். படிக்கும் அறை, படுக்கும் அறை, பணிபுரியும் அறை எல்லாம் பல இல்லங்களில் ஒன்றே. எங்கள் இல்லமும் அத்தகையதே. தம்பி, கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைந்து கொடுக்கும் தொழில் உடையவன். ஒரு படம் முழுமை பெறக் கணிப்பொறி இரவெல்லாம் ஓடவேண்டும். அதே அறையில் எண்பது வயதை எட்டிய அன்னையார் உறங்கவேண்டும். பொறி நின்றால் ஊதியம் இல்லை. பொறி இரைந்தால் அன்னையாருக்கு உறக்கம் இல்லை. இரண்டில் எதை விடுவது?

வழி காட்டியது அன்னையார் சொன்ன ஒரு சொல்லே. அவர் ஆரணிப் பக்கத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். "தறி ஓசையிலே பிறந்து வளர்ந்தவள் நான். ஓசை எனக்குப் புதிதா? தறி ஒரே சீராக ஓடும். அதுவே தாலாட்டுப்போல இருக்கும். இது திடீரென்று அலறுகிறது, அடங்குகிறது, மறுபடியும் அலறுகிறது. அதுதானப்பா என்னை எழுப்பிவிடுகிறது" என்றார். பொறியியல் நூல் படியாத அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஓசையின் அளவு மட்டும் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. அதன் ஏற்ற இறக்கமும் கெடுக்கிறது. ஆகவே நாம் தேடவேண்டியவை இரண்டு: ஓசை குறைவாக இருத்தல் வேண்டும், இருக்கும் ஓசை சீராக இருத்தல் வேண்டும்.

முதலில் விசிறியின் வேலை யாது என்று தெளிதல் நன்று. விசிறி குளிர்ச்சியைப் படைப்பதில்லை; வெப்பத்தை ஓரிடத்திலிருந்து அகற்றுகிறது. அறைக்காற்று 34 டிகிரி என்றால், எத்தனை விசிறி பூட்டினாலும் பெட்டியின் உள்ளே அதற்குக் கீழே வெப்பம் இறங்காது. 300 வாட் மின்சாரம் உண்ணும் கணிப்பொறி ஒன்றின் வழியே நொடிக்கு 28 லிட்டர் காற்று சென்றால், அக்காற்று ஏறத்தாழ 10 டிகிரி சூடேறி வெளியே வரும். காற்றை இரட்டித்தால் அந்தப் பத்து, ஐந்தாகும். மீண்டும் இரட்டித்தால் இரண்டரையாகும். முதற் படியில் ஐந்து டிகிரி ஊதியம். அடுத்த படியில் அதிற்பாதியே. ஆகவே காற்று ஓரளவுக்கு மேல் மிகுந்தால், ஓசை வளருமேயன்றிப் பயன் வளராது.

காற்றுக்கு வழி அமைப்பதே தலையாய செய்தி. எங்கள் பகுதியில் கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபின் வந்தோரும் அவர்களுள் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அச்சுரங்கத்தின் வெக்கையைப் பற்றி அவர்கள் வீட்டு முதியோர் கதை கதையாய்ச் சொல்வர். சுரங்கத்தில் காற்று ஒரு வழியே இறங்கி, வேலையிடங்களைக் கடந்து, வேறொரு வழியே வெளியேற வேண்டும். இரண்டும் ஒரே வாயிலானால் உள்ளே இருப்பவர் பாடு என்னாகும்? கணிப்பொறிப் பெட்டியும் ஒரு சிறு சுரங்கமே. முன்புறம் தண்காற்று நுழையட்டும். பின்புறமும் மேற்புறமும் வெப்பக்காற்று வெளியேறட்டும். விசிறியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் உள்ளனவோ, காற்று பெரும்பாலும் அந்தப் பக்கமே வெளிவரும். ஐயம் இருந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அருகே பிடியுங்கள். புகை செல்லும் திசை உண்மையைச் சொல்லும்.

அடுத்தது அளவு. கடைகளில் 80, 120, 140 மில்லிமீட்டர் விசிறிகள் கிடைக்கின்றன. 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு, 80 மில்லிமீட்டர் விசிறியைப்போல் இரண்டேகால் மடங்கு. ஆகவே அதே காற்றைத் தர அது மெல்லச் சுழன்றாலே போதும். மெல்லச் சுழல்வதில்தான் இரகசியம் முழுவதும் அடங்கியுள்ளது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் குறைந்தாலே ஓசை பாதியாயிற்று என்று செவி உணரும். ஒரே ஓசையுள்ள இரண்டு விசிறிகள் சேர்ந்தாலோ மூன்று டெசிபல்தான் கூடும். கணக்கு இப்போது விளங்கும்: விரைந்து ஓடும் ஒரு விசிறியைவிட, மெல்ல ஓடும் இரண்டு பெரிய விசிறிகள் மேல்.

எஸ்.பி. சாலைக் கடைகளுக்குச் செல்வோர் மின்முனைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நான்கு முனை உடைய விசிறியை, வெப்பத்துக்கு ஏற்றபடி மதர்போர்டு நுட்பமாக அடக்கி ஆளும். மூன்று முனை விசிறியை மின்னழுத்தம் குறைத்து ஆளலாம்; ஆனால் அது மிகவும் மெல்லச் சுழல இயலாமல் நின்றுபோகக் கூடும். பேரிங்கையும் கேட்டறிதல் வேண்டும். எளிய வகைப் பேரிங் மலிவு. தொடக்கத்தில் ஓசை குறைவு. நாளடைவில் தேய்ந்து கரகரக்கும். குண்டு பேரிங் நெடுநாள் உழைக்கும். ஆனால் சற்றே முனகும். திரவ உராய்வுப் பேரிங் அமைதியும் ஆயுளும் உடையது, விலை கூடுதல். ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா நிறுவனத்தின் பழுப்பு விசிறிகள் அமைதிக்குப் பெயர் பெற்றவை. ஆந்தையை அடையாளமாகக் கொண்ட நிறுவனம் அது; ஓசையின்றிப் பறப்பதில் ஆந்தைக்கு நிகர் ஏது? அந்த விலை கொடுக்க இயலாதோர் ஆர்க்டிக் நிறுவனத்தின் 'பி12' போன்றவற்றை நாடலாம். வண்ண விளக்கு ஒளிரும் விசிறியைக் கடைக்காரர் புகழ்ந்து நீட்டுவார். விளக்கு காற்றைத் தாராது. அந்தப் பணத்துக்கு நல்ல பேரிங் வாங்குவதே அறிவுடைமை.

திறந்த துளைகள் வழியே காற்றை அள்ளித் தரும் விசிறி வேறு; அடர்ந்த உலோகத் தகடுகளின் இடையே காற்றை அழுத்திச் செலுத்தும் விசிறி வேறு. செயலியின்மேல் உள்ள தகட்டடுக்குக்கும், தூசு வலை மூடிய முகப்புக்கும் இரண்டாம் வகையே ஏற்றது.

எங்கள் இல்லத்தில் பெட்டியின் முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக 120 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று பூட்டினோம். நிமிடத்திற்கு 800 சுற்றுக்கு அருகே அவை ஓடுகின்றன. செயலியின் வெப்பம் ஒரு கணம் ஏறியவுடன் விசிறி விரைந்தெழாதபடி, சில நொடி பொறுத்து மெல்ல ஏறுமாறு பயாஸ் அமைப்பில் தம்பி திருத்தினான். செயலி இப்போது 75 டிகிரி அளவில் உழைக்கிறது. முன்னைவிடச் சில டிகிரி கூடுதல்தான், அதனால் இடரில்லை. இக்காலச் செயலிகள் பலவற்றுக்கு 95 அல்லது 100 டிகிரியே எல்லை. அதை நெருங்கினால் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முதல் இரவு கழிந்தபின் அன்னையார், "தம்பிக்கு இப்போது வேலை இல்லையா? பொறியை ஓட்டவே காணோமே" என்று கவலையோடு கேட்டார்! இரவெல்லாம் பொறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புதிய விசிறி வாங்குமுன் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தலும் வேண்டும். பழைய மதராஸ் சாலையின் புழுதிக்கு எங்கள் பகுதியில் தடை ஏது? தகடுகளில் தூசு படிந்திருந்தால், மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். காற்றூதித் துடைக்கும்போது இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டின்றிச் சுழன்றால் பேரிங் கெடும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள். சன்னலைத் திறந்து கொசுவலை இடுங்கள். பெட்டியை விட்டு வெளியேறிய வெப்பம் அறையை விட்டும் வெளியேற வேண்டுமன்றோ? இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. இவற்றாலேயே பல பொறிகளின் இரைச்சல் அடங்கிவிடும்.

ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களின் உழைப்பு பெரும்பாலும் இரவு நேரத்து உழைப்பு. வீடும் பெரும்பாலும் சிறிய வீடு. ஒருவர் உழைக்கும் அறையிலேயே இன்னொருவர் உறங்குகிறார். மூன்றாமவர் தேர்வுக்குப் படிக்கிறார். இடத்தைப் பெருக்க நம்மால் உடனே இயலாது. அமைதியைப் பெருக்க இயலும். அடுத்த முறை விசிறி வாங்கச் செல்லும் அன்பர்கள், அது எத்தனை வேகம் சுழலும் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை மெல்லச் சுழலும் என்றும் கேட்பார்களாக.