தறி வீட்டில் ஒரு குளிரூட்டி

அத்தாவுக்கு மூச்சிரைப்பு மிகுந்ததனால்தான் எங்கள் வீட்டிற்குக் குளிரூட்டி வந்தது. இளம்பிள்ளையில் வெயில் காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள், பின்கட்டில் அத்தாவின் கட்டில், இடையே ஒரு கதவு. அந்தக் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.

ரமலானுக்கு முன், இணைப்புக் குழாயில் கசிவு இருந்ததென்று நம்மூர் மெக்கானிக் ஒருவர் அதைச் சரிசெய்து கேஸ் நிரப்பிக் கொடுத்தார். போகும்போது, "பாய், தறி இருக்கிற வீடு. வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவிடுங்க" என்றார். தலையாட்டினேன். கழுவவில்லை.

ஒரு மாதம் ஆனதும் குளிர் நின்றது. உள்ளே செப்புக் குழாய்மேல் பனிக்கட்டி படிந்தது. அது உருகி அத்தாவின் கட்டிலருகே சொட்டியது. நோன்பு வைக்க இயலாத வருத்தத்தில் ஏற்கெனவே சோர்ந்திருந்தவர், இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்தே கழித்தார். எனக்குக் கோபம் மூண்டது. மெக்கானிக் கேஸே நிரப்பாமல் பணம் வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவரை அழைத்துக் கேட்கவுமில்லை. தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் வாசலில் சொன்னேன். நூல் கடையிலும் சொன்னேன். அவரை வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

சேலத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். அவர் முன்மூடியைத் திறந்ததும் வலையில் கம்பளிபோல நூல் தூசி அப்பியிருந்தது. அதைத் தாண்டிப் போன தூசி, பின்னாலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையே அடைத்திருந்தது. பனியை உருகவிட்டு, தகடுகளைக் கழுவி, அழுக்கு அடைத்த வடிகுழாயையும் ஊதிச் சுத்தம் செய்த பிறகே மீட்டரை மாட்டினார். கேஸ் அழுத்தம் சரியாகவே இருந்தது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். குழாய்க்குள் ஓடும் கேஸ் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, போதிய காற்று அதன்மேல் பட வேண்டும். வலை அடைபட்டால் காற்று குறையும். வாங்கிக்கொள்ள வெப்பமின்றிக் குழாய் உறைநிலைக்கும் கீழே போகும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகும். பனி மிச்ச வழியையும் அடைக்கும். கேஸ் பெட்ரோல்போலத் தீர்வதன்று, கசிந்தால்தான் குறையும். ஆண்டுதோறும் நிரப்ப வேண்டுமென்று யாராவது சொன்னால் கசிவு எங்கே என்று கேளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906இல் உண்டாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க நூலாலைப் பொறியாளர். நூல் அறுந்துபோகாமல் ஆலைக் காற்றில் ஈரம் சேர்ப்பது அவர் வேலை. நூலுக்காகப் பிறந்த பெயரையுடைய கருவியை எங்கள் வீட்டு நூலே மூச்சடைக்க வைத்திருந்தது.

தொழுகையில் பிழை நேர்ந்தால் அல்லாஹ்விடம் மன்றாடலாம். ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைத்ததை அவரிடமல்லவா தீர்க்க வேண்டும்? இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் அஸருக்குப் பின் மெக்கானிக்கின் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏதோ ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்கிட்டச் சொன்னது சரிங்க பாய். அந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். அங்கிருந்தே பேசினேன். நூல் கடையிலும், அன்றிரவு பள்ளிவாசல் வாசலிலும் சொன்னேன். முதல் முறை சொன்னதைவிட அது கடினமாக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் தறியை நிறுத்தியதும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வலையைக் கழற்றிக் குழாய் நீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். வெயிலில் வைத்தால் சட்டம் நெளிந்துவிடும். நடுக்கதவைச் சாத்தி வைக்கிறோம். 24 டிகிரியே அத்தாவுக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த இரண்டு வீட்டாரில் ஒருவர் மெக்கானிக்கை மீண்டும் அழைத்துவிட்டார். மற்றவர் இன்னும் அழைக்கவில்லை.