கட்டத்தின் மூலையில் ஓர் ஊசி

குமரி மாவட்டம் முளகுமூடு பக்கம் கைவேலை செய்யும் பெண்களுக்கு வீட்டுத் திண்ணைதான் தையல்கூடம். நான் பார்க்கப் போயிருந்த அக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். மடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி. இரண்டு வயதுக் குழந்தைக்கான ஃப்ராக். நெஞ்சுப் பகுதி முழுக்க ஸ்மாக்கிங், அதாவது துணியைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கி அதன்மேல் போடும் வண்ணத் தையல், வர வேண்டும்.

குமரி மாவட்டத்தில் ஊசிவேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி, பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பிறகு கன்னியர் மடங்கள் வழியாகவும் கைவேலை வீடுகளுக்குள் வந்தது. ஸ்மாக்கிங் பிறந்தது இங்கிலாந்தில், உழவர்கள் போட்ட தொளதொளத்த மேலங்கியில். எலாஸ்டிக் இல்லாத அந்தக் காலத்தில் துணி உடம்போடு விரிந்து சுருங்க அவர்கள் கண்ட வழி அது. குழந்தைகளின் உடுப்புக்கு அது பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

அக்கா முதலில் துணியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. “நூலுல சாயம் ஏத்தி நெய்தது. கட்டம் அச்சடிச்ச துணியின்னா நான் தொடமாட்டேன் மக்களே” என்றார். காரணம் சரியானது. நெய்த கட்டம் இழையோடு நேராக ஓடும். அச்சடித்த கட்டம் இழையிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், அதை நம்பிச் சுருக்கினால் மடிப்புகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அதைத் துவைத்தும் தேய்த்தும் சரிசெய்ய முடியாது.

சுருக்கி முடித்த அகலம் 8 அங்குலம் வேண்டுமென்றால் துணி 24 அங்குலம் எடுக்க வேண்டும். சுருக்கு நூல் ஓட்ட, வெற்றுத் துணியில் வரிசை வரிசையாகப் புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். சின்னக் கட்டத் துணியில் அந்த வேலை மிச்சம், கட்டமே புள்ளி. இந்தத் துணியில் ஒவ்வொரு கட்டமும் அரைக்கால் அங்குலம். சிவப்புக்குச் சிவப்பு கால் அங்குல இடைவெளி. துணியின் உள்பக்கம் பார்த்து, அடர் சிவப்புக் கட்டத்தின் மூலையை ஊசி நுனியால் நாலைந்து இழை மட்டும் கவ்வி, அடுத்த சிவப்புக்குத் தாவுகிறார். ஒரு வரிசைக்கு 96 கவ்வல். 10 வரிசைக்கு 960. ஒவ்வொரு வரிசைக்கும் தனி நூல், ஒரு முனையில் முடிச்சு.

பத்து நூலையும் சேர்த்து இழுத்ததும் நடந்ததைப் பார்த்து அசந்துபோனேன். ஊசி கவ்விய அடர் சிவப்பு பள்ளத்துக்குள் போய்விட்டது. விட்டுவைத்த வெள்ளையும் வெளிர் சிவப்பும் மேடாக எழுந்து நின்றன. கட்டம் போட்ட துணி என் கண்முன்னே வெளுத்துவிட்டது! அக்கா இரு கையாலும் லேசாக விரித்தார். மடிப்பின் இடுக்கிலிருந்து அடர் சிவப்பு எட்டிப் பார்த்தது. குழந்தை மூச்சிழுக்கும்போதெல்லாம் அந்த நெஞ்சில் சிவப்பு வந்து வந்து போகும்.

அதன் பிறகுதான் வண்ண நூல். ஆங்கர் நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்துக் கோத்துக்கொள்கிறார். கழுத்துப் பக்கம் மேல்வரிசைக்குக் கேபிள் தையல்; அது இறுக்கிப் பிடிக்கும், அதிகம் விரியாது. கீழே அலைத் தையல்; அதுதான் நன்றாக விரிந்துகொடுக்கும். அலை ஏறும்போது நூல் ஊசிக்குக் கீழே இருக்க வேண்டும், இறங்கும்போது மேலே. மாறினால் அலை உடைந்துவிடும். ஊசி மடிப்பின் நுனியை மட்டும் கவ்வ வேண்டும். ஆழமாகப் போனால் துணி விறைத்துவிடும். இதையெல்லாம் சொல்லித் தந்துவிடலாம். எவ்வளவு இழுப்பது என்பதைத்தான் சொல்லித் தர முடியாது. அக்கா ஒவ்வொரு தையலுக்கும் ஒரே அளவு இழுத்தார், என்னோடு பேசிக்கொண்டே. ஒரு ஃப்ராக்கைத் தொடங்கியவரே முடிக்க வேண்டும், ஆள் மாறினால் இழுப்பு மாறி நடுவில் தெரிந்துவிடும் என்றார்.

வண்ணத் தையல் முடிந்ததும் அந்தப் பத்து நூலையும் உருவி எடுத்துவிடுகிறார்கள். 960 கவ்வலும் போட்டதற்கு அடையாளமே இருக்காது. வாங்குகிறவர் பார்ப்பது மேலே உள்ள வண்ண வேலையை. வேலை கொடுக்கும் ஏஜென்ட் கூலி பேசுவதும் அதை வைத்துத்தான். “நூல் ஓட்டுதுக்கும் கண்ணுதானே போவுது? அத ஆரும் கணக்குல எடுக்கமாட்டாவ.” இதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக அவர் கை நின்றது.

சுருக்கு ஓட்டுவதற்குச் சின்னக் கைமிஷின் இருக்கிறது. உருளைகளுக்கு நடுவே வரிசையாக ஊசிகள். கைப்பிடியைச் சுற்றினால் துணி மடிந்து மடிந்து எல்லா ஊசியிலும் ஒன்றாக ஏறும். வெற்றுத் துணிக்கும் பூப்போட்ட துணிக்கும் அது பெரிய உதவி. ஆனால் உருளையின் பல் இடைவெளி மாறாதது. கட்டத்தின் அளவுக்கு அது வளைந்துகொடுக்காது. சிவப்பை மட்டும் பார்த்துக் கவ்வ அதற்குத் தெரியாது. ஆகவே கட்டத் துணி வந்தால் இன்றும் கையால்தான் ஓட்ட வேண்டும். வெற்றுத் துணி ஃப்ராக்குக்கும் கட்டத் துணி ஃப்ராக்குக்கும் ஒரே கூலி என்பதை அக்கா ஒப்புக்கொள்வதாக இல்லை. அடுத்த ஆர்டரில் நூல் ஓட்டுவதற்குத் தனி விலை கேட்கப்போவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் பேசியிருக்கிறாராம்.