புள்ளி விழாத விசை

எங்கள் வீட்டில் சுபஹ் தொழுகைக்குப் பிறகு கேட்கும் முதல் சத்தம் உம்மாவின் விசைப்பலகைச் சத்தம்தான். அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே சாப்பாட்டு மேசையின் மூலையில் மடிக்கணினி திறந்துவிடும். நானும் தம்பியும் அந்தச் சத்தத்தில்தான் விழித்துக்கொள்வோம்.

உம்மா வீட்டிலிருந்தபடி தமிழ்த் தட்டச்சு செய்து கொடுக்கிறார். டியூஷன் ஆசிரியர்களின் வினாத்தாள்கள், கல்யாண அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், சில வேளை பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பக்கத்துக்கு 100 ரூபா. வாப்பாவின் சம்பளம் வீட்டுச் செலவோடு முடிந்துவிடும். என் வகுப்புக் காசும் தம்பியின் வேன் காசும் உம்மாவின் விரல்களிலிருந்துதான் வருகின்றன.

உம்மா தட்டச்சுப் படித்தது கணினியில் அல்ல. கல்யாணத்துக்கு முன்பு ஒரு தட்டச்சு வகுப்பில், இரும்புத் தட்டச்சுப் பொறியில் படித்தார். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பவரைத்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் என்று போற்றுகிறார்கள். நம் நாட்டில் பிறந்த ஒருவர் நம் மொழிக்கு அமைத்துக் கொடுத்த பொறி என்று உம்மா அதைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பொறியின் விசைகளை ஓங்கி அடிக்க வேண்டுமாம். சுண்டு விரலுக்குப் பலம் வர ஒரு மாதம் எடுத்ததாம்.

கணினி வந்த பிறகு உம்மா பாமினி எழுத்துருவுக்கு மாறினார். அதன் விசை அமைப்பு பழைய தட்டச்சுப் பொறியை ஒட்டியது என்பதால் அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பெரும்பாலான விசைப்பலகைகளில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளில் ஒரு சிறிய மேடு இருக்கும். பாமினியில் அந்த இரண்டும் 'க'வும் 'த'வும். உம்மா இரண்டு சுட்டு விரல்களாலும் அந்த மேடுகளைத் தடவிப் பார்த்து, பிஸ்மி சொல்லித் தொடங்குவார். அதற்குப் பிறகு விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்கும் விசைதான் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி. அது வலது கைச் சுண்டு விரலின் வேலை. தமிழில் அந்த விரலுக்கு ஓய்வே இல்லை. 'பல்கலைக்கழகம்' என்று எழுத மூன்று தடவை அழுத்த வேண்டும். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுத நான்கு தடவை.

நான் அப்படிப்பட்டவள் அல்ல. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்குகிற ஆள். விசைப்பலகை என்பது எனக்கு வெறும் பலகை.

முதல் தவணைப் பரீட்சைக்கு முந்திய ஒரு வியாழக்கிழமை இரவு அது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். செயற்திட்ட அறிக்கையை முடிப்பதற்காக உம்மாவின் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வராமலிருக்க ஒரு கப் பிளேன்டீ ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டு, கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். "மேசையில தேத்தண்ணி வெக்கப்படாது" என்பது உம்மா பல வருடமாகச் சொல்லிவரும் சட்டம். புத்தகத்தை எடுக்கக் கை நீட்டியபோது கப் சரிந்தது. முழுவதும் கொட்டவில்லை, கால் கப் இருக்கும். அது விசைப்பலகையின் வலது பக்கத்தில் விழுந்து விசைகளின் இடுக்குகளில் இறங்கிப் போனது.

பழைய துணியால் துடைத்தேன். அடித்துப் பார்த்தேன். எல்லா எழுத்தும் விழுந்தது. "யா அல்லாஹ், தப்பினேன்" என்று நினைத்து அறிக்கையையும் முடித்துவிட்டுத் தூங்கினேன். உடனே கணினியை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, முடிந்தால் பற்றரியையும் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட்டிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காலையில் உம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

நாலைந்து நாட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு பக்கத்தில் இரண்டு, மூன்று. 'கப்பல்' என்பது 'கபபல' என்று விழுந்திருக்கும். பாமினியில் எழுத்துப் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடும் உதவாது. திரையில் நமக்குத் தமிழ் தெரிந்தாலும் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துக் கூட்டம்தான். ஒரு ஆசிரியர் வினாத்தாளைத் திருப்பி அனுப்பினார். 23 இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். இருபது வருடத்தில் உம்மாவுக்கு அப்படி ஒரு தாள் திரும்பி வந்ததே இல்லை.

உம்மா விசைப்பலகையைச் சந்தேகப்படவில்லை. தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார்.

"என்ட சுண்டு விரலுக்கு என்னமோ நடந்திரிக்கி" என்று வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னது அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. "மூத்தம்மாக்கும் விரல் மரத்துத்தான் சீனி வருத்தம் தொடங்கின."

மூத்தம்மா சீனி வருத்தத்தால் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். கடைசிக் காலத்தில் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தார். அடுத்த நாள் பின்னேரம் தேநீர் ஊற்றும்போது உம்மா சொன்னார்: "எனக்குச் சீனி போடாம ஊத்து மகள்."

என் கையில் சீனிப் போத்தல் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. பரீட்சை முடியட்டும், உம்மாவுக்குக் கோபம் வரும், புது விசைப்பலகைக்கு வாப்பாவிடம் காசு இருக்காது என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். உம்மா சீனி இல்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தார். இரவில் இஷா தொழுதுவிட்டு ஒரு சின்ன இறப்பர் பந்தைச் சுண்டு விரலால் அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்தார். பிறகு ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தார். அவரது கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்த பிறகு என்னால் காலைச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பரிசோதனை அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. உம்மா சந்தோசப்பட்டார், ஆனால் நம்பவில்லை. "அப்ப ஏன் புள்ளி விழுதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வாரம் பக்கத்து விசையும் மக்கர் பண்ணியது. அது 'கி', 'மி' எழுதும்போது வரும் விசிறி விசை. அதை அழுத்துவது வேறு இடத்து அசைவு என்பதால் உம்மாவுக்கு முதன்முறையாகக் கணினி மேல் சந்தேகம் வந்தது.

நாங்கள் இருவரும் சந்தியிலுள்ள கணினி திருத்தும் கடைக்குப் போனோம். அங்கிருந்த தம்பி புள்ளி விசையின் தொப்பியை மெல்லிய தகட்டால் கிளப்பி எடுத்தார். கீழே கபில நிறத்தில் பாகு மாதிரி ஏதோ உறைந்து கிடந்தது.

"ராத்தா, இதுக்குள்ள தேத்தண்ணி ஊத்துப்பட்டிரிக்கி. சீனி போட்ட தேத்தண்ணி."

"நான் தேத்தண்ணியப் பக்கத்துல வெக்கிறேல்லயே தம்பி" என்றார் உம்மா.

"நான்தான் உம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

உம்மா கடையில் ஒன்றும் பேசவில்லை. கடைக்காரத் தம்பிதான் அந்த அமைதியைப் போக்க நினைத்தாரோ என்னவோ, விசையைக் காட்டி விளக்கினார். தொப்பிக்குக் கீழே கத்தரிக்கோல் போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றன. நடுவில் கவிழ்த்த கிண்ணம் போல ஓர் இறப்பர் குமிழ். அதற்கும் கீழே மூன்று மெல்லிய தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் போகும் கோடுகள். நடுத் தாளில் ஓட்டைகள். விசையை அழுத்தும்போது குமிழ் மடிந்து, மேல் தாள் ஓட்டை வழியாகக் கீழ்த் தாளைத் தொடும். அந்தத் தொடுகைதான் எழுத்து. மடிக்கணினியில் விசை இறங்கும் தூரம் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர்தான். குமிழ் மடிகிற அந்தச் சின்ன உணர்வை வைத்துத்தான் 'எழுத்து விழுந்துவிட்டது' என்று விரல் நம்புகிறது. சீனிப் பாகு காய்ந்தால் விசை கீழே போகும், விரலுக்கும் ஏதோ உணர்வு கிடைக்கும், ஆனால் எழுத்து விழாது. ஈரம் தாள்களுக்கிடையே போனால் கோடுகளையே அரித்துவிடும். ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. எல்லாமே நிரை நிரலாக இணைந்தவை. ஒரு கோடு பழுதானால் பல விசைகள் சேர்ந்து போகும்.

எங்களுடையது பழைய மாதிரி என்பதால் விசைப்பலகையை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தது. புதிய மெல்லிய கணினிகள் பலவற்றில் அது மேல் உறையோடு சேர்ந்தே இருக்குமாம். செலவு இன்னும் கூடும். 6,500 ரூபா ஆனது. என் பெருநாள் காசில் சேர்த்து வைத்திருந்த 4,000 ரூபாவைக் கொடுத்தேன். உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உம்மா பேசினார்.

"தேத்தண்ணி ஊத்துப்பட்டது பரவால்ல மகள். அது ஆருக்கும் நடக்கும். என்ட கைக்கு வருத்தம் வந்திட்டெண்டு நான் ராவு ராவா யோசிச்சன். நீ அதப் பாத்துக்கிட்டிருந்தியே, அதுதான்."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு இதைப் பற்றி வாசித்தபோது ஒரு விடயம் தெரிந்தது. 2015ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தனது மக்புக் கணினியில் 'வண்ணத்துப்பூச்சி' என்று பெயரிட்ட ஒரு புது வகை விசையைக் கொண்டுவந்தது. மிக மெல்லியது. ஆனால் சிறு தூசி போனாலே விசை ஒட்டிக்கொள்வதாகவும், ஓர் எழுத்து இரண்டு தடவை விழுவதாகவும் பலர் முறையிட்டார்கள். 2018 ஜூன் மாதம்தான் அந்நிறுவனம் இலவசமாகத் திருத்தித் தரும் திட்டத்தை அறிவித்தது. 2019இல் வெளியிட்ட 16 அங்குல மக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் முறைக்கே திரும்பியது. உலகத்திலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கும் பிழையைச் சரிசெய்ய முன்வர மூன்று வருடம் எடுத்திருக்கிறது. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வருடமும் எத்தனை பேர் தங்கள் விரலைக் குறை சொல்லியிருப்பார்களோ என்றுதான் நினைத்தேன்.

நம்பகம் என்றால் என்ன என்று இஸ்லாமியப் பாடத்தில் படித்திருக்கிறோம். அமானிதம் என்றால் ஒருவர் நம்மை நம்பித் தந்த பொருளைப் பழுதாக்காமல் திருப்பிக் கொடுப்பது என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். பொருள் பழுதாகிவிட்டால் அதை உடனே சொல்லிவிடுவதும் அமானிதம்தான் என்பதை ஒரு விசைதான் எனக்குக் கற்றுத்தந்தது. கெட்டுப்போன விசை நேரடியாக 'நான் கெட்டுப்போனேன்' என்று காட்டியிருந்தால் உம்மா ஒரு நாளில் கண்டுபிடித்திருப்பார். அது நல்ல விசை மாதிரியே இறங்கி எழும்பியதுதான் அவரை ஏமாற்றியது. அந்த மூன்று கிழமையும் நானும் அந்த விசை மாதிரித்தான் வீட்டில் நடமாடினேன்.

புது விசைப்பலகை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று உம்மா ஒரு வாரம் குறை சொன்னார். இப்போது பழகிவிட்டது. தேநீருக்கு மீண்டும் சீனி போடுகிறார், ஒரு கரண்டிதான். நான் தேநீரைக் குசினியில் நின்று குடித்துவிட்டுத்தான் மேசைக்கு வருகிறேன். பாமினியும் பழகுகிறேன். சுண்டு விரல் இன்னும் வலிக்கிறது.

இந்தக் கட்டுரையை அந்த விசைப்பலகையில் நானே அடித்தேன். அனுப்புவதற்கு முன் உம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். தன்னைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேனையை எடுத்து இரண்டு இடங்களில் வட்டம் போட்டார்.

"இதில ரெண்டு புள்ளி விட்டிரிக்கி. இது விசைட பிழையில்ல மகள், உன்ட பிழை."

"ஓம் உம்மா, என்ட பிழைதான்" என்று உடனே சொன்னேன்.