சின்னக் கோடு

எங்கள் ஊர்ப் பெயரிலேயே கோடு இருக்கிறது. மலைச்சிகரத்துக்குப் பழைய பெயர் கோடு. அதோடு செம்மை சேரும்போது 'மை' உதிர்ந்து, மகரம் ஙகரமாகிச் செங்கோடு. நடுவே எதையும் செருக வேண்டியதில்லை; எழுத்தே இளகி ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷுக்கு அந்த இளக்கம் கிடையாது. ஹைபன் என்னும் சின்னக் கோட்டைப் போட்டு நாம்தான் கட்ட வேண்டும்.

இதை நான் கற்றது ரிக் ஆபீசில். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் வண்டிகள் வடக்கே எத்தனையோ மாநிலங்களுக்குப் போகின்றன. ஆர்டர் கடிதமெல்லாம் இங்கிலீஷ். ஒருமுறை 'ட்வென்டி ஃபுட் ராட்ஸ்' வேண்டுமென்று டைப் அடித்து அனுப்பினேன். மறுநாள் போன்.

"ஏனுங் தம்பி, இருவதடி ராடுங்களா? இல்ல, ஓரடி ராடு இருவதுங்களா?"

ஓரடி ராடை வைத்துக்கொண்டு ஆயிரம் அடி போர் எப்படிப் போடுவது? கேட்டவருக்கும் தெரியும், குசும்புதான். ட்வென்டிக்கும் ஃபுட்டுக்கும் நடுவே நான் விட்ட ஒரு கோடு அவருக்கு அன்றைய பொழுதைப் போக்கிக் கொடுத்தது.

இரண்டு சொல் சேர்ந்து ஒரே அடையாகப் பெயருக்கு முன்னால் நின்றால் கோடு. 'வெல்-நோன் டிரைவர்' என்றால் உண்டு. 'டிரைவர் இஸ் வெல் நோன்' என்று பின்னால் போய்விட்டால் வேண்டாம். 'நியூலி' மாதிரிச் சொற்களுக்கும் வேண்டாம்.

தமிழில் இந்த வேலையை ஒற்று பார்க்கிறது. தந்த பலகை யாரோ கொடுத்தது; தந்தப் பலகை யானை கொடுத்தது. போர்டில் இடம் போதாவிட்டால் முதலில் காவு போவதும் ஒற்றுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை: 2007இல் ஷார்ட்டர் அகராதியின் ஆறாம் பதிப்பில் சுமார் 16,000 ஹைபன்களை எடுத்துவிட்டார்கள். ஐஸ் கிரீம் பிரிந்தது, பம்பிள்பீ ஒட்டிக்கொண்டது. பெயர்ச்சொல்லில் அதெல்லாம் செய்யலாம். ராடு விஷயத்தில் செய்தால் போன் வரும்.

எங்கள் ஊர் மலைமேல் இருப்பவர் மாதொருபாகன். பெருமாள்முருகன் 2010இல் அந்தப் பெயரில் நாவல் எழுதினார். பெயரைப் பிரித்து 'மாது ஒரு பாகன்' என்று எழுதிப் பாருங்கள், அங்குசத்தோடு ஒரு பெண் வந்து நிற்பாள். அனிருத்தன் வாசுதேவனின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு 'ஒன் பார்ட் உமன்' என்று பெயர். மூன்று சொல், ஒரு கோடுகூட இல்லை. ரிக் ஆபீஸ் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். மூன்றுக்கும் பின்னால் பெயர்ச்சொல் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டேன்.